தீவிர சிகிச்சை ஆராய்ச்சியும் மருத்துவர்களின் மதிப்பீடும்

மருத்துவமனையின் பிற பிரிவுகளைக் காட்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு படுக்கைக்கு ஆகும் செலவு மிக அதிகம். செயற்கை சுவாசக் கருவி, இடைவிடாத கண்காணிப்பு, தனிப்பயிற்சி பெற்ற செவிலியர், விலை உயர்ந்த மருந்துகள் ஆகிய அனைத்தும் ஒருசேரத் தேவைப்படும் இடம் அது. பயன் தராத ஒரு சிகிச்சை இங்கு வழக்கமாகிவிட்டால் ஏற்படும் இழப்பு இருவகைப்பட்டது. பொருளும் உழைப்பும் வீணாகின்றன. அவற்றைக் கொண்டு மற்றொரு நோயாளிக்கு அளித்திருக்கக்கூடிய பயனும் கைநழுவிப் போகிறது. ஆகவே, எந்தச் சிகிச்சை உண்மையில் உயிரைக் காக்கிறது என்று ஆராய்வதும், அவ்வாறு காப்பதாக வெளியிடப்படும் முடிவுகளைச் சீர்தூக்கிப் பார்ப்பதும் நாட்டின் நல்வாழ்வுத் திட்டத்தில் இன்றியமையாத பணிகளாகும். இவற்றுள் முதற்பணிக்கு ஓரளவேனும் நிதி ஒதுக்கப்படுகிறது. இரண்டாவது பணியோ பெரும்பாலும் மருத்துவர்களின் தனிப்பட்ட ஆர்வத்தை நம்பியே நடைபெற்று வருகிறது.

இவ்விரண்டாவது பணி எத்தன்மையது, அதன் பயன் என்ன என்பதை விளக்கத் திருவனந்தபுரத்தில் தொடங்கி நாடு முழுவதும் பரவிய ஓர் அண்மைக்கால நிகழ்ச்சி துணைபுரியும்.

திருவனந்தபுரத்தின் ஆராய்ச்சி மரபு

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அதன் வளாகத்தை அடுத்து 1976 முதல் செயற்படத் தொடங்கிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ மையம், 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாகத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. மருத்துவத்தையும் தொழில்நுட்பத்தையும் ஒரே கூரையின் கீழ் இணைத்தது இந்நிறுவனத்தின் தனிச்சிறப்பு. இங்கு உருவாக்கப்பட்ட செயற்கை இதய வால்வு 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதற்கு முன் வடிவமைக்கப்பட்ட மூன்று மாதிரிகள் சோதனையில் தவறின. நான்காவது மாதிரியே நோயாளியைச் சென்றடைந்தது. ஒரு கருவியையோ மருந்தையோ, அது பலன் தரும் என்ற நம்பிக்கையின் பேரில் ஏற்காமல், சோதனையின் பேரிலேயே ஏற்க வேண்டும் என்ற மரபு இந்நகருக்குப் புதியதன்று.

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோவிட் நோய் பரவியபோது அதற்கெனத் திட்டவட்டமான மருந்து ஏதும் இல்லை. நோயிலிருந்து மீண்டவரின் இரத்தத்தில் அந்நோயை எதிர்க்கும் பொருள்கள் உருவாகியிருக்கும். அவ்விரத்தத்தின் பிளாஸ்மாவைப் பிரித்து நோயுற்றவருக்குச் செலுத்தினால் அவர் குணமடையக்கூடும் என்பது பழைய கருத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொண்டை அடைப்பான் நோய்க்குச் சீரம் அளிக்கப்பட்டதும் இதே அடிப்படையில்தான். 2020 ஏப்ரலில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், கேரளத்தின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுடன் இணைந்து இம்முறையைச் சோதித்துப் பார்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அனுமதியைப் பெற்றது. இச்செய்தி நாடெங்கும் பெரும் எதிர்பார்ப்பை எழுப்பியது. அதே மாதத்தில் ஆராய்ச்சிக் கழகம் பல மாநிலங்களின் மருத்துவமனைகளை ஒன்றிணைத்துப் பெரியதோர் ஆய்வையும் தொடங்கிற்று.

ஒப்பீடு ஏன் தேவை?

பிளாஸ்மா பெற்ற நோயாளி பிழைத்தெழுந்தால், பிளாஸ்மாவே அவரைப் பிழைக்கவைத்தது என்று கருதுவது இயல்பு. ஆனால், அது பெறாத நோயாளிகளுள்ளும் பெரும்பாலோர் பிழைத்தெழுந்தனர். பிளாஸ்மாவால் விளைந்த வேறுபாடு எவ்வளவு என்பதை அறிய வேண்டுமாயின், எல்லா வகையிலும் ஒத்த இரு குழுவினரை ஒப்பிட்டாக வேண்டும். யார் எக்குழுவில் சேர்வது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விட்டால், தேறும் நிலையில் உள்ளவர்கள் ஒரு பக்கமும் நலிந்தவர்கள் மறுபக்கமும் சேர்ந்துவிடலாம். எனவேதான் குலுக்கல் முறையில் நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். தற்செயலாகப் பிரிக்கப்படும்போது வயது, உடல்நிலை, பிற நோய்கள் ஆகியவை இரு பக்கத்திலும் ஏறத்தாழச் சமமாக அமைகின்றன.

ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2020 ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. ஒரு குழுவினருக்கு வழக்கமான சிகிச்சையுடன் தலா 200 மில்லிலிட்டர் பிளாஸ்மா இருமுறை அளிக்கப்பட்டது. மற்றக் குழுவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. 28 நாள்களுக்குள் நோய் கடுமையானவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து முதற்குழுவில் 19 சதவீதம். இரண்டாம் குழுவில் 18 சதவீதம். பிளாஸ்மாவால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை என்பதே முடிவு. அவ்வாண்டு அக்டோபரில் பிரித்தானிய மருத்துவ இதழில் இது வெளியாயிற்று.

வாதமும் மறுவாதமும்

ஒரு முடிவு அச்சேறியதும் ஆராய்ச்சி நிறைவடைந்துவிடுவதில்லை. அதன் பின்னரே சிகிச்சையளிக்கும் மருத்துவர்களின் மதிப்பீடு தொடங்குகிறது. மருத்துவக் கல்லூரிகளில் ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒருவர் விளக்க, மற்றவர்கள் வினாத் தொடுக்கும் கூட்டங்கள் நடைபெறுவதுண்டு. ‘ஜர்னல் கிளப்’ என வழங்கும் இக்கூட்டத்தை 1875-இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் வில்லியம் ஆஸ்லர் முறைப்படுத்தி நடத்தினார். இன்று நம் நாட்டின் முதுநிலை மருத்துவப் பயிற்சியில் இது ஒரு கட்டாயக் கூறாகும். பேராசிரியரின் முடிவை இளம் மருத்துவரும் மறுத்துரைக்கலாம் என்ற நெறி இருக்கும்போதுதான் இக்கூட்டத்துக்குப் பொருள் உண்டு.

பிளாஸ்மா ஆய்வின் மீது எழுந்த வினாக்கள் இம்மதிப்பீட்டின் இயல்பை நன்கு காட்டுகின்றன. முதலாவதாக, யாருக்குப் பிளாஸ்மா அளிக்கப்பட்டது என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்திருந்தது. பிளாஸ்மா பெற்றவர்களுள் மூச்சுத் திணறலும் களைப்பும் நீங்கியவர்கள் ஏழாம் நாளில் சற்று மிகுதியாக இருந்தனர். ஆனால், மூச்சுத் திணறலும் களைப்பும் நோயாளியே உணர்ந்து கூற வேண்டிய குறிகள்; தமக்குச் சிறப்புச் சிகிச்சை கிடைத்தது என்ற எண்ணமே அவ்வுணர்வை மாற்றக்கூடும். மரணம் அவ்வாறு மாறக்கூடியதன்று. எனவே, அந்த அளவுகோலுக்கே கூடுதல் மதிப்பளிக்க வேண்டும் என்பது ஒரு சாராரின் வாதம்.

இரண்டாவதாக, செலுத்தப்பட்ட பிளாஸ்மாவில் எதிர்ப்பொருள் எவ்வளவு இருந்தது என்பது முன்கூட்டி அளக்கப்படவில்லை. அதற்கான சோதனை வசதி அப்போது பரவலாக இல்லை. பின்னர் அளந்தபோது பல கொடையாளரின் பிளாஸ்மாவில் எதிர்ப்பொருள் குறைவாகவே காணப்பட்டது. செறிவு மிக்க பிளாஸ்மாவாக இருந்திருந்தால் பலன் தெரிந்திருக்கும் என்று மற்றொரு சாரார் கூறினர். மூன்றாவதாக, 464 பேர் கொண்ட ஆய்வு பெரிய பயனைக் கண்டறியப் போதுமானது; சிறு பயனைக் கண்டறியப் போதாது.

இவ்வினாக்களுக்கு வாதத்தால் மட்டும் விடை காண இயலாது. மேலும் ஆய்வு தேவை. பிரிட்டனில் ‘ரெக்கவரி’ என்ற பெயரில் நடைபெற்ற ஆய்வு, எதிர்ப்பொருள் செறிந்த பிளாஸ்மாவை 11,558 நோயாளிகளைக் கொண்டு சோதித்தது. இரு குழுவிலும் இறந்தோர் 24 சதவீதமே. 2021 மே மாதத்தில் இம்முடிவு முழுமையாக வெளியாயிற்று. அதே மாதத்தில் இந்திய மருத்துவர்களும் அறிவியலாளர்களும் அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகருக்கு மடல் எழுதி, சான்றுக்கு மாறாகப் பிளாஸ்மா பயன்படுத்தப்படுவதைச் சுட்டிக்காட்டினர். மே 17 அன்று தேசிய சிகிச்சை வழிகாட்டு நெறிகளிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது.

நம் நாட்டிலேயே, நம் நாட்டு நோயாளிகளைக் கொண்டு பெறப்பட்ட முடிவு வெளியானதற்கும் வழிகாட்டு நெறி மாறியதற்கும் இடையே ஏறத்தாழ ஏழு மாதங்கள் கழிந்தன. அவ்விடைவெளியில்தான் நோயின் இரண்டாம் அலை எழுந்தது. உறவினர்கள் பிளாஸ்மா கொடையாளரைத் தேடி நகரெங்கும் அலைந்தனர். குடும்பங்களின் சேமிப்பும், இரத்த வங்கிகளின் உழைப்பும், கொடையாளரின் நல்லெண்ணமும் பயன் உறுதிப்படாத ஒன்றில் செலவாயின. அறிவு நம்மிடம் இருந்தது. அது படுக்கையருகே சென்றுசேரத் தாமதமாயிற்று.

கதை அத்துடன் முடியவில்லை. செயற்கை சுவாசக் கருவியின் உதவியில் இருந்த 475 நோயாளிகளிடையே பெல்ஜியத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2023-இல் வெளியாயிற்று. செறிவு மிக்க பிளாஸ்மா பெற்றவர்களுள் 35.4 சதவீதத்தினரும், பெறாதவர்களுள் 45 சதவீதத்தினரும் 28 நாள்களுக்குள் இறந்தனர். சுவாசக் கருவி பொருத்தப்பட்ட இரு நாள்களுக்குள் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களிடமே பயன் பெரிதும் காணப்பட்டது. ஆகவே, ‘பிளாஸ்மா பலன் தருமா?’ என்ற வினா, ‘யாருக்கு, எவ்வளவு செறிவில், எந்தக் கட்டத்தில்?’ என்ற நுட்பமான வினாவாக மாறியது. பயனற்றதை ஏற்பது ஒரு பிழை. பயனுள்ளதை அடியோடு தள்ளுவது மற்றொரு பிழை. இரண்டுக்கும் விலை உண்டு.

தீவிர சிகிச்சை ஆய்வின் தனிச்சிக்கல்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் நோயாளிக்கு ஒரே நேரத்தில் பல உறுப்புகள் பழுதுற்றிருக்கும். நினைவிழந்தவரிடம் ஆய்வுக்கான ஒப்புதலைப் பெற இயலாது; கலங்கி நிற்கும் உறவினரிடமே கேட்க வேண்டும். மரணத்துக்குக் காரணங்கள் பலவாதலால், ஒரு சிகிச்சையின் தனிப்பயனைப் பிரித்தறிவதும் கடினம். இவற்றுடன் இடைக்குறிகளால் ஏமாறும் வாய்ப்பும் உண்டு.

நுரையீரல் கடுமையாகப் பழுதுற்ற 861 நோயாளிகளைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சுவாசக் கருவி ஒவ்வொரு மூச்சுக்கும் செலுத்தும் காற்றின் அளவை, கணக்கிடப்பட்ட உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 12 மில்லிலிட்டரிலிருந்து 6 மில்லிலிட்டராகக் குறைத்தபோது இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாகக் குறைந்தது. ஆனால், முதற்சில நாள்களில் மிகுந்த காற்றுப் பெற்றவர்களின் இரத்தத்திலேயே பிராணவாயுவின் நிலை மேலாக இருந்தது. அந்த எண்ணை மட்டும் நோக்கிய மருத்துவர், தீங்கு விளைவிக்கும் முறையையே சிறந்ததெனக் கொண்டிருப்பார்.

ஒரே மருத்துவமனையின் முடிவைப் பொதுவிதியாக்குவதிலும் இடர் உண்டு. பெல்ஜியத்தின் லூவென் நகர மருத்துவமனை ஒன்றில் 1,548 நோயாளிகளிடையே நடந்த ஆய்வு, இரத்தச் சர்க்கரையை இன்சுலினால் இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறையும் என்று 2001-இல் அறிவித்தது. உலகின் பல மருத்துவமனைகள் அதைப் பின்பற்றின. அந்நோயாளிகளுள் பெரும்பாலோர் இதய அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் என்பதையும், அவர்களுக்கு இரத்தக் குழாய் வழியாக மிகுந்த குளுக்கோஸ் அளிக்கப்பட்டதையும் சிலர் சுட்டிக்காட்டி ஐயம் எழுப்பினர். 2009-இல் வெளியான, 6,104 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டு ஆய்வு, இறுக்கமான கட்டுப்பாட்டில் 27.5 சதவீதத்தினரும் மிதமான கட்டுப்பாட்டில் 24.9 சதவீதத்தினரும் 90 நாள்களுக்குள் இறந்ததைக் காட்டியது. ஐயம் எழுப்பியவர்களின் கருத்து சரியாயிற்று.

நம் பகுதியின் வினாக்கள்

வளர்ந்த நாடுகளின் ஆய்வுகள் நம் நோயாளிகளுக்கு எந்த அளவு பொருந்தும் என்பது மற்றொரு முக்கிய வினா. பூச்சிக்கொல்லி நஞ்சுண்டவர்களைக் காப்பது தென்னாசிய மருத்துவமனைகளின் அன்றாடப் பணி. மேலை நாடுகளிலோ இத்தகைய நோயாளிகள் மிகச் சிலரே. பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சிக்கொல்லிகளுக்கு மாற்றாகப் பிராலிடாக்சிம் என்னும் மருந்து நெடுங்காலமாக வழங்கப்பட்டு வந்தது. 1990-களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுகள் அதன் பயனை ஐயுற்றன. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 200 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2006-இல் வெளியான ஆய்வோ, மிகுந்த அளவில் தொடர்ந்து செலுத்தினால் இறப்பு குறைவதாகக் கூறியது. இலங்கையில் 235 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், மருந்து பெற்றவர்களுள் 24.8 சதவீதத்தினரும் பெறாதவர்களுள் 15.8 சதவீதத்தினரும் இறந்தனர். எனினும், இவ்வேறுபாடு தற்செயலாக நேர்ந்திருக்கவும் கூடும்.

இம்முரண்பாட்டை மேற்போக்காக நோக்கினால் குழப்பமே மிஞ்சும். நுணுகி நோக்கினால் இரு ஆய்வுகளும் ஒரே வினாவைக் கேட்கவில்லை என்பது புலப்படும். பாராமதியில் இரு குழுவினரும் அம்மருந்தைப் பெற்றனர். அளவும் முறையுமே வேறுபட்டன. இலங்கையில் மருந்து பெற்றவர்கள் அதைப் பெறாதவர்களுடன் ஒப்பிடப்பட்டனர். நஞ்சின் கடுமை, உட்கொண்டது முதல் மருத்துவமனையை அடையும் வரை கழிந்த நேரம், அங்குள்ள தீவிர சிகிச்சை வசதி ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். தம் வட்டாரத்தின் நோயாளி எந்த ஆய்வின் நோயாளியை ஒத்தவர் என்பதை அங்குப் பணிபுரியும் மருத்துவரே கூற வல்லவர். கேரளத்தின் மழைக்கால எலிக்காய்ச்சலுக்கும், 2018-இல் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் தோன்றிய நிபா நோய்க்கும் இக்கருத்து பொருந்தும்.

மலிவான அறிவு, பெரும் பயன்

தீவிர சிகிச்சையில் மிகுந்த பயன் தந்த முடிவுகளுள் சில மிகக் குறைந்த செலவு உடையவை. காற்றின் அளவைக் குறைக்கச் சுவாசக் கருவியின் அமைப்பை மாற்றினாலே போதும். டெக்சாமெத்தசோன் பல ஆண்டுகளாகக் குறைந்த விலையில் கிடைத்து வரும் மருந்து. 2020-இல் ‘ரெக்கவரி’ ஆய்வு, சுவாசக் கருவியின் உதவியில் இருந்த கோவிட் நோயாளிகளிடையே இம்மருந்து இறப்பை 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைத்ததைக் காட்டியது. அதாவது, அத்தகைய எட்டுப் பேருக்கு அளித்தால் ஏறத்தாழ ஓர் உயிர் காக்கப்படும்.

ஆனால், அதே ஆய்வின் மற்றொரு பகுதியும் கவனத்துக்குரியது. பிராணவாயு தேவைப்படாத நோயாளிகளுக்கு அம்மருந்து பயன் தரவில்லை. அவர்களுள் மருந்து பெற்றவர்களிடையே இறப்பு 17.8 சதவீதமாகவும், பெறாதவர்களிடையே 14 சதவீதமாகவும் இருந்தது. முடிவின் முற்பகுதியை மட்டும் அறிந்தோர் இலேசான நோய்க்கும் ஸ்டீராய்டு மருந்துகளை வழங்கினர். 2021-இல் நம் நாட்டில் பரவிய கரும்பூஞ்சை நோய்க்கு, நீரிழிவுடன் இம்மருந்துகளின் வரம்பற்ற பயன்பாடும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பாதி படித்த ஆய்வு, படிக்காத ஆய்வைக் காட்டிலும் தீங்கானது.

விலையுயர்ந்த மருந்தையும் கருவியையும் பரப்ப அவற்றின் உற்பத்தியாளர் முன்வருவர். மலிவான முறையைப் பரப்பவும், பயனற்றதை நிறுத்தச் சொல்லவும் சந்தையில் எவருக்கும் ஆதாயம் இல்லை. அப்பணியைச் செய்ய வேண்டியவை மருத்துவர்களின் கூட்டு மதிப்பீடும் அரசும்தான். பொதுச்செலவு நியாயமாவது இவ்விடத்தில்தான்.

செய்ய வேண்டியவை

இத்துறையில் அடித்தளப் பணிகள் சில ஏற்கெனவே நிகழ்ந்துள்ளன. 1993-இல் தோன்றிய இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் தனக்கென ஓர் ஆய்விதழை நடத்தி வருகிறது. 2010-11-ஆம் ஆண்டுகளில் நாட்டின் ஏறத்தாழ 120 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்கள் ஒரே முறையில் திரட்டப்பட்டன. 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் ஆய்வுகளை முன்கூட்டிப் பதிவது 2009 முதல் கட்டாயமாக்கப்பட்டது. எதை அளக்கப் போகிறோம் என்பதை முதலிலேயே அறிவித்துவிட்டால், முடிவு தெரிந்த பின் அளவுகோலை மாற்ற இயலாது. மைய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டம் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மைய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் திறந்துவிடுகிறது. மூன்றாண்டுகளுக்கு இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 6,000 கோடி ரூபாய்.

இதழ் கிடைப்பது முதற்படி. அதைப் படித்து விவாதிக்க நேரம் வேண்டும். இரவும் பகலும் நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவருக்கு வாரம் ஒரு மணி நேரமேனும் இதற்கெனப் பணிநேரத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். கல்லூரியுடன் இணையாத மாவட்ட மருத்துவமனைகளை அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் விவாதக் கூட்டங்களுடன் இணைப்பது எளிது. பெரும் செலவும் ஆகாது. செவிலியரும் புள்ளியியல் அறிஞரும் இக்கூட்டங்களில் பங்குபெற வேண்டும். நோயாளியின் அருகில் மிகுந்த நேரம் இருப்பவர் செவிலியர். எண்களின் வலிமையையும் வரம்பையும் அறிந்தவர் புள்ளியியலார்.

விவாதத்தின் முடிவு குறிப்பேட்டில் உறங்கிவிடலாகாது. எந்த வழக்கத்தைத் தொடர்வது, எதை நிறுத்துவது, எதற்கு மேலும் சான்று தேவை என்று மூன்றாகப் பகுத்து எழுதி, மாநில அளவில் தொகுத்தால், அதுவே வழிகாட்டு நெறிகளை உரிய காலத்தில் திருத்தும் கருவியாகும். மருந்துக் கொள்முதலுக்கும் அடிப்படையாகும். 2020 அக்டோபருக்கும் 2021 மே மாதத்துக்கும் இடையே கழிந்தது போன்ற ஏழு மாதங்களை ஏழு வாரங்களாகச் சுருக்க முடியுமாயின், அடுத்த கொள்ளைநோயின்போது கொடையாளரைத் தேடி அலையும் குடும்பங்களுக்கு அதனினும் பெரிய உதவி இருக்க இயலாது.